'பங்கேற்புடன்' என்ற ஒற்றை வரி

தூய்மைப் பணியாளர்களின் உடல்நலத்தை ஆய்வு செய்ய எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இருமல், தோல் அரிப்பு பற்றிக் கேட்டார்கள். "வேலை இடத்துல ஒதுங்க இடமில்ல, அதனால தண்ணியே குடிக்கிறதில்ல. அதையும் கேளுங்க" என்றார் எங்கள் அக்கா ஒருவர். கேள்வியைச் சேர்த்தார்கள். பெண்களின் நீர்க்கடுப்பு அப்போதுதான் கணக்கில் வந்தது.

அறிக்கையில் இருந்ததோ ஒரே வரி: 'சமூகத்தின் பங்கேற்புடன் நடத்தப்பட்டது.' அக்கா சொன்னதும் இல்லை, அதனால் ஆய்வு மாறியதும் இல்லை.

ரத்தம் கொடுப்பது வேறு; எதை ஆராய்வது என்று முடிவு செய்வதில் பங்கு வகிப்பது வேறு. இரண்டாவதை எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 'கிரிப் 2' என்ற வழிகாட்டி வெளியானது. அதன் சுருக்க வடிவம் ஐந்தைக் கேட்கிறது. மக்களை எதற்காகச் சேர்த்தீர்கள்? எப்படிச் சேர்த்தீர்கள்? அதனால் விளைந்த நல்லது கெட்டது என்ன? ஆய்வை அது எந்த அளவுக்கு மாற்றியது? எது சரியாக நடந்தது, எது சறுக்கியது?

வேலை நேரத்தில் கூட்டம் வைத்ததால் எங்களில் சிலருக்கு ஒருநாள் கூலி போனது. ஐந்தாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதியிருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும்.

உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரை அழிப்பது நமக்குப் பழகிய கதைதான். ஆய்வுத்துறைக்குப் போகும் தம்பி தங்கைகளே, அந்த ஒற்றை வரியோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்து கையெழுத்து கேட்டு வருபவரிடம் இந்த ஐந்தையும் நாங்கள் முதலில் கேட்போம்.