மண்வாசனையும் பிரேக் கம்பியும்

சஹாராவில் துவாரெக் இனத்தார் கிதாரில் வாசிக்கும் பாட்டுக்கு மேற்கத்தியப் பத்திரிகைகள் 'பாலைவன ப்ளூஸ்' என்று பெயர் சூட்டியிருக்கின்றன. மணல், ஒட்டகம், முடிவற்ற வானம், ஆதிகாலத்துச் சோகம் எல்லாம் இந்த ஒரு பெயரில் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. அவர்களுக்குள் வழங்கும் பெயர் இவ்வளவு அழகானதல்ல. 'திஷுமாரன்' என்கிறார்கள். பிரெஞ்சில் வேலையற்றவனைக் குறிக்கும் சொல்லை வளைத்து 'இஷுமார்' என்று ஆக்கிக்கொண்ட இளைஞர்களின் இசை அது.

நான் வங்கியில் குமாஸ்தா. விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுபோகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். 'கூலி' என்று எழுதுவார்கள், 'விவசாயம்' என்று எழுதுவார்கள். 'வேலையில்லை' என்று ஒருவரும் எழுதியதில்லை. அந்தச் சொல்லையே எடுத்துத் தன் பாட்டுக்குப் பெயராக வைக்க வேறு மாதிரி நெஞ்சழுத்தம் வேண்டும்.

தினாரிவென் குழுவின் இப்ராஹிம் அக் அல்ஹபீப் மாலி நாட்டின் வடக்கே பிறந்தவர். 1963 கலகத்தை ராணுவம் ஒடுக்கியபோது தகப்பனார் கொல்லப்பட்டார்; பிள்ளைக்கு நாலு வயதிருக்கலாம். அகதியாய் அல்ஜீரியாவில் வளர்ந்தபோது தகர டப்பா, ஒரு கழி, சைக்கிள் பிரேக் கம்பி இவற்றைக் கொண்டு தானே ஒரு கிதார் செய்துகொண்டார். 1970களின் பஞ்சத்தில் மந்தைகள் மடிந்தன. மேய்ச்சல் பிழைப்பு போன பையன்கள் தமன்ராஸெத்துக்கும் லிபியாவுக்கும் வேலை தேடிப் போனார்கள். 1979 வாக்கில் குழு சேர்ந்தது. 1980களில் கடாஃபியின் பயிற்சி முகாம்களில் துப்பாக்கி பிடித்துக்கொண்டே பாட்டுக் கட்டினார்கள். வெற்று கேசட் கொண்டுவந்தவர்களுக்குக் காசு வாங்காமல் பதிந்து கொடுத்தார்கள். அது கைமாறிக் கைமாறி எல்லை தாண்டியது. (எங்கள் பக்கமும் வெற்று கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் பதிந்து தரும் கடைகள் இருந்தன. நாங்கள் காசு கொடுத்தோம்.) இதில் பாலைவனம் எங்கே இருக்கிறது? பிரேக் கம்பி மணலில் விளைவதில்லை.

துவாரெக் பெண்களின் 'திண்டே' வேறொன்றுமில்லை, உரல்தான். தானியம் குத்தும் மர உரலின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டித் தட்டுகிறார்கள். கூட நிற்கும் பெண்கள் போடுவது அசல் குலவை. கண்ணை மூடிக்கொண்டால் முளைப்பாரி எடுக்கும் தெருவில் நிற்பதுபோல் இருக்கிறது. நம் மண்வாசனைக்காரர்கள் இந்த இடத்தில் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் உரல் ஊரிலேயே இருந்தது. கிதார், ஊரைவிட்டுப் போன ஆண்பிள்ளைகள் கையில் வந்தது. அடித்தந்தி ஒன்று சுருதிபோல் விடாமல் ஒலிக்க, மேலே ஒரு சிறு வரி சுற்றிச் சுற்றி வருகிறதே, அதில் கேட்பது மண் அல்ல, மண்ணிலிருந்து இருக்கும் தூரம்.

இதைச் சொல்ல நான் ஆப்பிரிக்கா வரை போயிருக்க வேண்டியதில்லை. கூமாப்பட்டிக்கு மேற்கே மலை. மலைக்கு அப்பால் வருஷநாடு. அதையும் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம். 1976இல் 'அன்னக்கிளி' வந்த நாளிலிருந்து இளையராஜாவைப் பற்றி எழுதும் எவரும் 'மண்வாசனை'யைத் தொடாமல் தாண்டியதில்லை. வசதியான சொல். வயற்காடும் தெம்மாங்கும் தாமாகவே சினிமாவுக்குள் நடந்து வந்துவிட்டன என்று நினைத்துக்கொள்ளலாம். நடுவில் இருந்த மேடையை அது விழுங்கிவிடுகிறது. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஊர் ஊராய்ப் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக அவர் பாடியது தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம். பிழைப்புக்காக மலையேறியவர்கள், அவர்களும் ஒருவகை இஷுமார்தான். ஊரில் ஓடும் சினிமா மெட்டையே எடுத்து அதில் கட்சியின் சொல்லைப் போட அவர் கூசவில்லை. அந்தக் கோஷ்டியில் ஆர்மோனியத்தோடு அலைந்த தம்பி, 1960களின் இறுதியில் சென்னைக்குப் போகிறார். வழிச்செலவுக்கு அம்மா விற்றது வீட்டு ரேடியோவை என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, கையில் கிதார். நாம் மண்ணென்று முகர்ந்தது சென்னை வாடகை அறைகளில், மண்ணைவிட்டு வந்தவன் எழுதிய ஸ்வரக் காகிதம். அதனால் அது பொய்யாகிவிடாது. அதன் உண்மையே அங்கேதான் என்கிறேன்.

2012 பிப்ரவரியில் தினாரிவெனுக்கு 'உலக இசை' என்ற பிரிவில் கிராமி விருது கிடைத்தது. அதே வருஷம் வடக்கு மாலியைப் பிடித்த ஆயுதக் குழுக்கள் இசைக்கே தடை போட்டன. ஒரு தரப்பு அந்த இசையில் ஆதிமனிதனைக் கேட்டது, மற்றது பாவத்தைக் கேட்டது. பஞ்சத்தையும் எல்லைக்கோட்டையும் இரண்டு தரப்பும் கேட்டதாகத் தெரியவில்லை.

'அஸூஃப்' என்று அவர்களிடம் ஒரு சொல் உண்டு. தனிமை, ஊர் நினைப்பு, கூடாரத்துக்கு வெளியே கவிந்திருக்கும் இருட்டு எல்லாம் சேர்ந்தது. 'ஏக்கம்' என்று தமிழில் போட எனக்குக் கை வரவில்லை. சினிமா அதை நீர்க்கவைத்துவிட்டது. 2025 ஜூனில் எங்கள் ஊர் திடீரென்று கைபேசித் திரைகளில் 'தனித்தீவு' ஆயிற்று. தென்னந்தோப்பு, பச்சை வயல், மலை, தண்ணீர். மதுரையிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் கார்கள் வந்தன. பிளவக்கல் அணைத் தண்ணீரில் இறங்க அனுமதி இல்லையென்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் படத்தைத் திருப்பூர் பனியன் கம்பெனி ஷிஃப்டு முடிந்து, அறையில் நாலு பேருக்கு நடுவில் படுத்தபடி பார்த்த எங்கள் தெருப் பையன் ஒருவன் எனக்கு அனுப்பியிருந்தான். கீழே ஒரே வரி: "அண்ணே, இது நம்மூருதானா?"