தும்பாவின் நிரை

திங்கள், பாளையம்

இணையக் கலைக்களஞ்சியத்தில் சகமதிப்பாய்வு என்று வழங்குவது, ஒரு கட்டுரையையோ பட்டியலையோ சிறப்புத் தகுதிக்கு முன்மொழியுமுன், அதே பணியில் ஈடுபட்டிருக்கும் மற்றொருவர் அதை வரிவரியாகப் படித்துக் குறைகளை எடுத்துச் சொல்லும் நடைமுறையாகும். மதிப்பெண்ணோ தீர்ப்போ அதில் கிடையாது. திருத்துவதும் திருத்தாமல் விடுவதும் எழுதியவரின் பொறுப்பிலேயே இருக்கும். திருவனந்தபுரத்தின் பாதுகாக்கப்பட்ட பழந்தேவாலயங்கள் என்ற தலைப்பிலான பட்டியல் வரைவு ஒன்று இவ்வகையில் இன்று மதிப்பாய்வாளரின் பார்வைக்கு வந்தது. ஆலயத்தின் பெயர், கட்டப்பட்ட ஆண்டு, கட்டடக்கலை, குறிப்பு என நான்கு நிரல்கள். ஆலயத்திற்கு ஒன்றாக நிரைகள். நிரல் என்பது மேலிருந்து கீழாகவும் நிரை என்பது இடமிருந்து வலமாகவும் செல்லும் வரிசை என்பது பள்ளிக் கணக்குப் புத்தகம் படித்தவர் எல்லோருக்கும் தெரிந்ததே.

முதல் இடர் தலைப்பிலேயே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட என்றால் யாரால், எந்தச் சட்டத்தின்படி என்ற கேள்விக்கு வரைவில் விடையில்லை. இங்கிலாந்தில் இவ்வகைப் பட்டியல் தொகுப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. வழிபாட்டுத் தேவை முடிந்துபோன ஆங்கிலிக்கன் ஆலயங்களை ஏற்றுக் காப்பதற்கென 1969-இல் தோன்றி, 1994-இல் தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை என்று பெயர் மாறிய அமைப்பு ஒன்று அங்கே 350-க்கும் மேற்பட்ட ஆலயங்களைப் பேணுகிறது; அதன் பொறுப்பில் இருப்பது பட்டியலில் வரும், இல்லாதது வராது. கேரளத்திலும் கொச்சிக் கோட்டைப் பகுதியிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தைப் பற்றி ஐயம் எழாது; 1524-இல் வாஸ்கோ ட காமா அடக்கம் செய்யப்பட்ட அக்கட்டடம் 1923 முதல் சட்டப்படி காக்கப்படும் நினைவுச்சின்னம். அத்தகைய அறிவிப்பு ஏதுமின்றி, பங்கு மக்களின் உண்டியல் காசிலும் உழைப்பிலும் நிலைத்து நிற்கும் ஆலயங்களை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதை வரைவு எண்ணிப் பார்க்கவில்லை.

செவ்வாய், பாளையம்

பள்ளிவாசலும் கணபதி கோயிலும் புனித சூசையப்பர் பேராலயமும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் இச்சந்திப்பில், ஆண்டு நிரலின் குறை கண்ணெதிரே புலப்படுகிறது. பேராலயத்தின் நிரையில், 1873-இல் கட்டப்பட்ட பேராலயம் என்று வரைவு எழுதியிருக்கிறது. பேராலயம் என்பது அளவைக் குறிக்கும் சொல் அன்று. ஆயரின் இருக்கை அமைந்த ஆலயத்திற்கே அப்பெயர் உரியது. திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டமோ 1937-இல்தான் கொல்லத்திலிருந்து பிரிக்கப்பட்டது, உயர்மறைமாவட்டமானது 2004-இல். ஆகவே 1873-இல் இங்கே இருந்தது ஒரு கோயில் மட்டுமே. அது பேராலயமாவதற்கு அறுபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மேலும், சாலையில் செல்வோரை இன்று நிமிர்ந்து பார்க்கவைக்கும் உயர்ந்த முகப்புக் கோபுரம் பிற்காலச் சேர்க்கையாதலால், ஒற்றை ஆண்டு இக்கட்டடத்திற்குப் போதாது.

கடற்கரைப் பங்குகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. பதினாறாம் நூற்றாண்டில் தோன்றிய பங்கில் பழைய கோயில் இடிக்கப்பட்டு, பெருகிய மக்களுக்கேற்பப் புதிய கோயில் எழும்பியிருக்கலாம். பங்கின் வயதைக் கட்டடத்தின் வயதாக எழுதினால், சென்ற தலைமுறையின் சிமென்டுத் தூணுக்கு நானூறு ஆண்டுப் பழமையை ஏற்றிவிட நேரும். பங்கு தோன்றிய ஆண்டு, இன்றுள்ள கட்டடத்தின் ஆண்டு என்று அந்நிரலை இரண்டாக்குமாறு பரிந்துரை எழுதப்பட்டது.

புதன், எல்.எம்.எஸ். சந்திப்பு

லண்டன் மிஷனரி சங்கம் என்ற அமைப்பு இவ்வூரில் இன்று இல்லை; ஆனால் பேருந்தில் ஏறுவோர் எல்.எம்.எஸ். என்று சொல்லியே சீட்டு வாங்குகிறார்கள். அவ்வளாகத்திலுள்ள மட்டீர் நினைவு ஆலயம், 1859-இல் திருவிதாங்கூருக்கு வந்து, இந்நாட்டைப் பற்றி 1871-இல் விரிவான நூலொன்றை வெளியிட்ட சாமுவேல் மட்டீரின் பெயரால் 1906-இல் எழுந்தது. தென்னிந்தியத் திருச்சபை கட்டியது என்று வரைவு கூறுவது பிழை. அத்திருச்சபை பிறந்ததே 1947-இல். லண்டன் சங்கத்தின் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன்வழி 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. இன்றைய உரிமையாளரையே கட்டியவராக எழுதிவிடும் இப்பிழை பட்டியல்களில் மிகுதி. இது ஒரு சமூகத்தின் நினைவைச் சத்தமின்றி அழித்துவிடுவதால் சிறு பிழையென்று விட முடியாதது.

வியாழன்

எல்லை குறித்த ஒரே குறிப்பு. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில், கூரையிழந்த சிற்றாலயத்தினுள், 1777-இல் மறைந்த திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாயின் கல்லறை இலத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு இருக்கிறது. வரைவு அதையும் சேர்த்திருந்தது. 1956 நவம்பர் 1-இல் அப்பகுதி, இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருவிதாங்கூரின் ஆலயங்கள் என்று தலைப்பிருந்தால் அதற்கு இடமுண்டு, திருவனந்தபுரம் என்றிருக்கையில் இல்லை. நீக்குவதற்கு மனம் ஒப்பாவிட்டாலும் நீக்கச் சொல்வதே முறை.

வெள்ளி, தும்பா

வரைவில் காணாத ஆலயம் ஒன்று இங்கே இருக்கிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் வளாகத்திலுள்ள புனித மகதலா மரியா ஆலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம்; வழிபாடு நடவாமையால் இதைச் சேர்க்கவில்லை என்று பட்டியலாளர் விளக்கம் தந்திருந்தார். இவ்வாரத்தின் ஆய்வெல்லாம் இந்த ஒரு நிரையில் வந்து முட்டுகிறது.

ராக்கெட் ஏவுதளத்திற்கு இக்கடற்கரையைத் தேர்ந்ததற்குக் காரணம் புவிகாந்த நடுக்கோடு. மேலும் கீழுமாக அசையும்படி தொங்கவிடப்பட்ட காந்த ஊசி எப்பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு அது. அதற்கு மேலே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. பலூனுக்கு எட்டாததும் செயற்கைக்கோளுக்குத் தாழ்ந்ததுமான அவ்வுயரத்தை அளக்கச் சிறு ராக்கெட்டுகளே ஏற்றவை. சாராபாயும் தோழர்களும் 1962-இல் நிலம் கேட்டு வந்தபோது, மீனவ மக்களின் ஒப்புதலோடு ஆலயத்தையும் ஆயரின் இல்லத்தையும் கொடுக்க வழிசெய்தவர் பீட்டர் பெர்னார்டு பெரேரா. பலரும் அவரை அன்றைய திருவனந்தபுரம் ஆயர் என்றே எழுதுகிறார்கள். அப்போது அவர் துணை ஆயர், மறைமாவட்டப் பொறுப்பு 1966-இல் வந்தது. ஞாயிறு வழிபாட்டில் அவர் மக்களிடம் கேட்ட செய்தி பெரிதும் அப்துல் கலாமின் எழுத்து வழியாகவே பரவியிருப்பதால், கலாம் எழுதியுள்ளபடி என்ற சொற்களோடுதான் அதை ஆள வேண்டும்; சான்றின் உரிமையாளரைச் சொல்லிவிடுவது அந்நிகழ்ச்சியின் பெருமையை எள்ளளவும் குறைக்காது.

வழிபாட்டுக் கூடம் ஆய்வகமாயிற்று. ஆயரின் அறையில் வரைபடங்கள் விரிந்தன. ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியில் சென்றன. 1963 நவம்பர் 21 மாலையில் அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி ராக்கெட் எழும்பி, சோடியம் ஆவியால் வானில் செம்மஞ்சள் ஒளியைப் படரவிட்டது. இந்தியாவில் உருவான ரோகிணி-75 எழும்பியது 1967 நவம்பர் 20-இல். இத்தனைக்கும் நடுவே யாரும் இக்கட்டடத்தை இடிக்கவில்லை. நீளமான கூடமும் ஓட்டுக்கூரையும் சிலுவையிட்ட முகப்பும், எத்தனையோ பெரிய கட்டடங்கள் சூழ எழுந்த பின்னும், தாம் ஒரு மாதா கோயிலாயிருந்ததை மறைக்காமல் நிற்கின்றன. உள்ளே நுழைபவர் முதலில் காட்சிப்பெட்டிகளை நோக்கினாலும், அடுத்த நொடியில் பார்வை நடுக்கூடத்தின் வழியே பலிபீடம் இருந்திருக்க வேண்டிய திசைக்கு ஓடுகிறது. கட்டடம் அப்படித்தான் பார்வையை நடத்துமாறு எழுப்பப்பட்டது.

சனி

பரிந்துரை இன்று எழுதி முடிக்கப்பட்டது. வழிபாடு நடக்கும் ஆலயம் அதன் மக்களால் வாழ்கிறது. அங்கே மணி அடிக்கும்வரை அதற்குக் காவல் உண்டு. மக்கள் வெளியேறிய பின்னும் ஓர் ஆலயம் நிலைத்திருக்குமானால், பாதுகாக்கப்பட்ட என்னும் சொல் முதலில் அதற்கே பொருந்தும். பராமரிப்பவர், இன்றைய பயன்பாடு என்ற இரு நிரல்களைப் புதிதாகச் சேர்த்தால், சட்டக்காப்பு உடையதும் பங்கு மக்கள் பேணுவதும் அரசுத்துறை பேணுவதும் ஒரே பட்டியலில் குழப்பமின்றி அமரும்; கட்டடக்கலை நிரலில் வெறுமனே கோதிக் என்று திரும்பத் திரும்ப எழுதுவதைவிட வாசகருக்கு அது பயன்தரும். தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, முன்னுரையில் அச்சொல்லுக்கு இரண்டு வாக்கியத்தில் வரையறை தந்தால் போதும்.

பட்டியலாளர் மாலையில் தும்பாவுக்கு ஒரு நிரை சேர்த்து அனுப்பினார். பராமரிப்பவர்: இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம். இன்றைய பயன்பாடு: அருங்காட்சியகம். குறிப்பு நிரல் மட்டும் காலியாக இருந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கெனப் பள்ளித்துறையில் எழுப்பப்பட்ட புதிய ஆலயத்தை அங்கே குறிப்பிடுமாறு கேட்டு வரைவு திருப்பி அனுப்பப்பட்டது. பள்ளி என்றால் இந்நாட்டு வழக்கில் ஆலயம். பழைய கோயிலை விட்டு வந்த மக்கள் இன்று திருப்பலிக்குப் போவது அங்கேதான்.