இத்தாலிக்குப் போகிறீர்களா?

ஏழே நாளில் ஆறு நகரங்கள் என்று பட்டியல் போட்டு நீட்டினார் என் கணவர். பேனாவை வாங்கி மூன்றை அடித்துவிட்டேன். ரோம், பிளாரன்ஸ், பொலோனா போதும். வெனிஸ் போயிற்றே என்று அவருக்கு இன்னும் வருத்தந்தான். நீங்களே சொல்லுங்கள், அவ்வளவு தூரம் போவது ரயில் ஏறி இறங்கவா?

கிழமையை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பிளாரன்ஸின் உப்பிஸி சித்திரசாலைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ரோமில் வாடிகன் மியூசியத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள். அன்று இலவசமாம், கூட்டத்தைக் கேட்பானேன்!

பிளாரன்ஸிலிருந்து பொலோனா விரைவு ரயிலில் சுமார் 40 நிமிஷந்தான். தெருவுக்குத் தெரு தூண் வைத்த நடைமண்டபங்கள். குன்றின் மேலுள்ள ஸான் லூக்கா மாதா கோயிலுக்கு 666 வளைவுகளின் கீழேயே, வெயில் படாமல் ஏறிவிடலாம்.

இறங்கினால் பசிக்குமே! அங்கேதான் சங்கடம். எங்களோடு வரும் மாமியார் முட்டைகூடத் தொடாதவர். பொலோனாவின் பெயர்பெற்ற தாலியத்தெல்லேயோ முட்டை விட்டுப் பிசைந்த மாவு. மேலே கொத்துக்கறிக் குழம்பு வேறு. பார்மஜான் பாலாடைக்கட்டியும் ஆகாது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்த்துத்தான் பாலைத் திரிய வைக்கிறார்கள். ஆகவே, "முட்டையில்லாத ஸ்பகெட்டி, தக்காளிக் குழம்பு, ஸென்ஸா பொர்மாஜ்ஜோ" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். கடைசி இரண்டு வார்த்தைக்கு, பாலாடைக்கட்டி வேண்டாம் என்று அர்த்தம்.

ராத்திரிச் சாப்பாடு பல இடங்களில் ஏழரைக்கு மேல்தான். மாமியாருக்கு ஆறு மணிக்கே பசிக்கும். பெட்டியில் முதலில் வைத்தது அவல் பொட்டலம்.