இல்லாத விமான நிலையம்

அமெரிக்க நாட்டுச் சிகாகோ மாநகரத்தை அடுத்து, மிச்சிகன் ஏரியினுள் நீண்டு கிடக்கும் நார்தர்லி தீவு என்னும் நிலப்பகுதியில் முன்பு ஒரு சிறு விமான நிலையம் இருந்தது. மெய்க்ஸ் என்பது அதன் பெயர். இன்று அங்குச் சென்று தேடுவார்க்குப் பூங்காவே காணக் கிடைக்கும். யான் சிகாகோவைக் கண்டவன் அல்லன்; ஆயினும் அந்நிலையத்தின் ஓடுபாதையில் நூறு முறைக்குக் குறையாமல் இறங்கியிருக்கிறேன். அவ்வளவில் அமையாது, அதனை என் கணினியில் கட்டிப் பிறர்க்கும் அனுப்பினேன். அதைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

பிளைட் ஸிமுலேடர் என்பதைக் கேள்வியுறாத அன்பர்க்கு ஒரு வார்த்தை. விமானத்தின் கருவிகளையும், வெளியே தோன்றும் வானையும் நிலத்தையும் கணினித் திரையில் காட்டி, காற்றின் போக்கையும் விமானத்தின் எடையையும் கணக்கிட்டு, நாற்காலியில் இருந்தவாறே பறக்கும் பயிற்சியைத் தருவது அது. மலையும் ஆறும் பெரும்பாலும் தேசப்படங்களின் கணக்கிலிருந்து தாமே அமைந்துவிடும். விமான நிலையமோ அவ்வாறு அமைவதன்று. யாரேனும் ஒருவர் உட்கார்ந்து கட்ட வேண்டும். புகழ் பெற்ற நிலையங்களைக் கட்டுதற்கு ஆள் உண்டு. சிறியவற்றிற்கு, அவற்றை நேசிப்பவரே துணை.

மெய்க்ஸ் நிலையம் 1948-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு ஓடுபாதை ஒன்றே. நீளம் சுமார் 3,900 அடி. வடக்கும் தெற்கும் நோக்கி அமைந்தமையால், 360 பாகைக்கு 36 என்றும், 180 பாகைக்கு 18 என்றும் அதன் இரு முனைகளும் எண் பெற்றிருந்தன. மைக்ரோஸாப்ட் நிறுவனம் 1982-இல் தன் முதல் ஸிமுலேடரை வெளியிட்டபோது, பறப்போர் தொடங்கும் இடமாக வைத்தது இந்நிலையத்தையே. பின்வந்த பதிப்புகள் பலவும் அவ்வாறே செய்தன. ஆதலின் வீட்டிலிருந்தே பறக்கப் பயின்ற ஒரு தலைமுறையினர்க்கு மெய்க்ஸ் பிறந்த ஊரைப் போன்றதாயிற்று. 2003-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் இரவில், நகர மேயராகிய ரிச்சர்டு எம். டேலி என்பாரின் ஆணைப்படி, இயந்திரங்கள் புகுந்து ஓடுபாதையிற் பெரும் பெருக்கற்குறிகளாகப் பள்ளம் தோண்டின. அங்கு நின்ற 16 விமானங்கள் அகப்பட்டுக்கொண்டன. விமானங்கள் ஊர்ந்து செல்லும் பக்கப்பாதையிலிருந்தே அவை பின்னர் எழுந்து செல்ல இடந்தரப்பட்டது. அரசாங்க விமானத் துறை நகரத்திற்கு 33,000 டாலர் அபராதம் விதித்தது. போன நிலையம் திரும்பவில்லை. 2006-இல் வந்த மைக்ரோஸாப்டின் பதிப்பிலும் மெய்க்ஸ் இடம் பெறவில்லை. நாற்பதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பில், 2022-இல் அதனை மீண்டும் சேர்த்தனர். இடைக்காலத்தில் மெய்க்ஸை வேண்டினோர், பிறர் கட்டி அளித்தவற்றையே நாட வேண்டியதாயிற்று. அங்ஙனம் முன்பின் அறியாத ஒருவர் அளித்ததிலேதான் யானும் முதன்முதலில் இறங்கினேன்.

யான் பயில்வது எக்ஸ்-பிளேன் என்னும் ஸிமுலேடர். அதற்கு நிலையம் கட்ட உதவும் வேர்ல்ட் எடிடர் என்னும் கருவி விலையின்றிக் கிடைக்கிறது. ஓடுபாதையின் இரு முனைகளையும் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கால் குறித்து, பக்கப்பாதையை வளைத்து, கோபுரத்தையும் கட்டடத்தையும் நிறுத்திவிட்டால் நிலையம் உருப்பெறும். அங்ஙனம் கட்டியதை அக்கருவியிலிருந்து வெளியேற்றும்போது பிறப்பன முக்கியமாக இரண்டு கோப்புகள். ஒன்று, எவரும் திறந்து படிக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்பு. அதில் ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணுடன் தொடங்கும். நிலையத்தின் பெயர்வரிக்கு 1, ஓடுபாதைக்கு 100, கோப்பின் முடிவிற்கு 99. எத்துணைப் பெரிய நிலையமும் இவ்வரிகளுக்குள் அடங்கிக் கிடப்பதை முதலிற் கண்டபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வந்தன. மற்றையது, கட்டடம் முதலியவை நிற்கும் இடங்களைக் கூறும் கோப்பு. உலகத்தைப் பாகைக்கு ஒரு கட்டமாகப் பகுத்து, கட்டத்தின் பெயரையே அதற்கு இடுவர். மெய்க்ஸ் நின்ற கட்டம் கூட்டல் 41, கழித்தல் 088 எனப்படும்.

கட்டுவது எளிது என்று கூறேன். ஆயினும் அது தன்னோடு முடிவது. கொடுப்பதிலேதான் தொல்லை தொடங்குகிறது. நம் கணினியில் அழகாகத் தோன்றும் நிலையம் அயலான் கணினியிலும் அவ்வாறே தோன்றும் என்பதற்கு உறுதி யாதும் இல்லை. காரணம் கூறுவேன். நாம் நிறுத்தும் விளக்கும் வண்டியும் வேலியும் பெரும்பாலும் நம்முடையன அல்ல. பொதுவாக வழங்கும் பொருட்களஞ்சியங்களில் அவை உள்ளன. நம் கோப்பு அவற்றின் பெயரை மட்டுமே சொல்லும். பெறுகின்றவரிடம் அக்களஞ்சியம் இல்லாவிடில் பெயர் இருக்கும், பொருள் இராது. ஒருமுறை மேலைநாட்டார் ஒருவர் அளித்த காட்சிப்பொதியை ஆவலுடன் பெற்றுத் திறந்தேன். ஏதோ ஒரு பொருள் காணப்படவில்லை என்று கூறி ஸிமுலேடர் அதனை ஏற்க மறுத்தது. எந்தக் களஞ்சியம் வேண்டும் என்று அப்பொதியில் ஒரு சொல்லும் இல்லை. அதனைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தன. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அவ்வளவும் மிச்சம்!

மற்றொன்று நம்மவர்க்கு எளிதில் தோன்றாதது. ஆங்கிலத்திற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இருவகை உண்டன்றோ? விண்டோஸ் கணினி கோப்பின் பெயரில் அவ்வேற்றுமையைப் பாராட்டாது. லினக்ஸ் கணினியோ அதனை விடாது பாராட்டும். கோப்பின் பெயரில் ஓரெழுத்தைப் பெரிதாகவும், அதனைச் சுட்டும் இடத்திற் சிறிதாகவும் எழுதியிருப்பின், ஒருவர் வீட்டில் நிற்கும் கோபுரம் மற்றவர் வீட்டில் மறைந்துபோகும். தமிழெழுத்தில் இத்தொல்லை இல்லை என்பதை எண்ணி யான் மகிழ்ந்ததுண்டு. இதுபற்றியே என் பொதியை வெளியிடுமுன், லினக்ஸ் வைத்திருக்கும் விடுதித் தோழரொருவரின் கணினியில் இட்டுப் பார்த்தேன். பிறர் கணினியிற் பாராமல் பொதியை அனுப்புவது, உப்புப் பாராமல் பந்தி விசாரிப்பதற்கு ஒப்பாகும்.

இனி, உரிமையைப் பற்றி. பயணிகள் கட்டடத்தின் சுவர்களுக்கு மெய்யான நிழற்படங்களை ஒட்டினால் பார்வைக்கு நன்றாயிருக்கும். ஆனால் அப்படங்கள் யாரோ ஒருவர் வெயிலில் நின்று எடுத்தவை. வீட்டில் வைத்துப் பார்ப்பது ஒன்று; பொதியிற் கட்டி ஊருக்கு வழங்குவது வேறொன்று. ஆதலின் சுவர்களையும் சாளரங்களையும் யானே வரைந்தேன். நிழற்படத்தின் நயம் அவற்றிற்கு இல்லை. எனினும் அவற்றைக் கொடுப்பதற்கு யாரையும் கேட்க வேண்டுவதில்லை. மேலும், பொதியோடு ஒரு குறிப்பும் வைத்தேன். இது 2002-ஆம் ஆண்டின் மெய்க்ஸ். இன்று அவ்விடத்தில் உள்ளது பூங்கா. வேண்டும் களஞ்சியம் இன்னது. எவரும் திருத்தலாம், திருத்தியவர் தம் பெயரைச் சேர்க்கலாம் என்று அதில் எழுதினேன். திருத்துவார்க்கு உதவியாக வேர்ல்ட் எடிடரின் மூலக்கோப்பையும் உடன் வைத்தேன். தாலந்தை நிலத்திற் புதைத்து வைத்தவனின் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், மூலக்கோப்பை மட்டும் ஒளித்து வைப்பானேன்?

எக்ஸ்-பிளேன் பயில்வோர்க்கென 2014-ஆம் ஆண்டு முதல் ஒரு பொதுக் களஞ்சியம் இயங்கி வருகிறது. அதற்கு ஒருவர் நிலையத்தை அளிப்பின், மேற்பார்வையாளர் சோதித்து ஏற்பர். பின்னர் அது ஸிமுலேடருடனேயே எல்லார்க்கும் போய்ச் சேரும். யாவரும் எடுத்தாளலாம் என்னும் உரிமையுடன் அளிக்கப்படுவதால், பிளைட்கியர் என்னும் மற்றொரு ஸிமுலேடரும் அதன் பாதைக் கணக்குகளைப் பயன்படுத்துகிறது. மெய்க்ஸையும் அதில் இடவேண்டும் என்பது விடுதித் தோழரின் கட்சி.

“ஓரிரவில் அழித்தார்கள். நீரும் அதனை மூலையில் ஒதுக்கி வைப்பீரோ?” என்று அவர் கேட்டார்.

யான் உடன்படவில்லை. பொதுக் களஞ்சியம் இன்றைய உலகத்தைக் காட்டுவதற்கு ஏற்பட்டது. இன்று சிகாகோவின் மேலே பறக்கப் பயில்பவன் கீழே பூங்காவையே காண வேண்டும். இல்லாத ஓடுபாதையை அவனுக்குக் காட்டுவது, அன்பினாற் செய்யினும், பொய்யே. தனிப்பொதியாக இருப்பின், வேண்டுவோர் வைத்துக்கொள்வர். வேண்டாதவர் கோப்புறையிலிருந்து எடுத்துவிடுவர். தோழர் இதனைக் கேட்டுத் தலையசைத்தாரேயன்றி ஒப்புக்கொள்ளவில்லை.

பொதி வெளியான சில மாதங்களுக்குப் பின், பனிப்பிரதேசத்தார் ஒருவர் எழுதினார். ஓடுபாதையின் இருமருங்கும் பனி படிந்திருக்கும் குளிர்காலத் தோற்றம் ஒன்றைத் தாம் அமைத்திருப்பதாகவும், வெளியிடலாமா என்றும் கேட்டிருந்தார். குறிப்பிலேயே அனுமதி இருந்தும் கேட்டது அவருடைய பெருந்தன்மை. பனியைக் கண்ணாற் கண்டிராத எனக்கு அந்த வெண்மையை வரையத் தெரிந்திராது. குறிப்பில் என் பெயருக்குக் கீழே அவர் தம் பெயரைச் சேர்த்திருந்தார். அப்பொதியைத் தோழரும் தம் கணினியில் வைத்துக்கொண்டார். பொதுக் களஞ்சியத்தைப் பற்றிய வழக்கு மட்டும் எங்களுக்குள் இன்னும் தீர்ந்தபாடில்லை.