டிக்கியில் யாருக்கு இடம்?



பாடலை அதன் ஆழத்தோடு கேட்க விரும்புவது குற்றமன்று. எங்கள் மகன் காரில் சப்வூஃபர் வைக்க விரும்பியபோது எழுந்த கேள்வி ஒலியைப் பற்றியதன்று; இடத்தைப் பற்றியது. என் தாயாரின் மடக்குச் சக்கர நாற்காலி அந்த டிக்கியில்தான் வருகிறது. 12 அங்குல ஒலிபெருக்கிக்கு, மூடிய பெட்டியானால் பொதுவாக 28 லிட்டர் அளவு உள்ளிடம் தேவை; காற்றுத்துளையுள்ள பெட்டியானால் இன்னும் அதிகம். சிறிய காரில் அப்பெட்டி ஏறினால் நாற்காலி இறங்க வேண்டும். நாற்காலி இறங்கினால் அம்மா வீட்டிலேயே இருந்துவிட வேண்டும்.

ஆயினும், ஒலியின் இயல்பே நமக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ எட்டரை மீட்டர் நீளமுடையது, காரைவிடப் பெரிது. இத்தகைய தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று செவி எளிதில் கண்டறிவதில்லை. ஆகவே சப்வூஃபர் டிக்கியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டெப்னியின் குழிவுக்குள் அமரும் வகை உண்டு. ஆனால் டயர் பஞ்சராகும் நாளில் அதைக் கழற்றியெடுக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரையும் தன்னுள் அடக்கி, முன்னிருக்கையின் அடியில் படுத்துக்கொள்ளும் மெல்லிய வகையும் உண்டு. நாங்கள் இதையே தெரிந்துகொண்டோம்.

பொருத்துமுன் சில காரியங்களைக் கவனியுங்கள். இருக்கையை முன்னும் பின்னும் முழுவதுமாக நகர்த்தி, அடியிலுள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அங்கே மஞ்சள் நிற இணைப்பி இருந்தால் அது ஏர்பேக்கைச் சார்ந்தது, அதைத் தொடாதீர்கள். பின்னிருக்கைக்குக் குளிர்காற்று செல்லும் வழியை அடைக்காதீர்கள். மின்கம்பி பேட்டரியிலிருந்து நேரே வரட்டும்; பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும். எர்த் கம்பியைப் பெயிண்ட் சுரண்டிய உலோகத்தில் இறுக்கமாகப் பிணைக்க வேண்டும்.

பெரிய பெட்டியின், மார்பை அதிரவைக்கும் முழக்கம் இதில் வராது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மகனுக்கும் அது தெரியும். "பாட்டி இல்லாமல் எங்கே போகப்போகிறோம், அப்பா?" என்றான். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறவர்கள் பின்வரிசையில் நிற்பார்கள். அவர்களை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அவர்கள் நிறுத்தினாலோ பாடலே மெலிந்துபோகும். தாங்கிப்பிடிக்கும் ஒலிக்குப் பேரிடம் தேவையில்லை. எனவே வண்டியில் எதை ஏற்றலாம் என்று எண்ணுமுன், யார் ஏற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.