வீட்டில் என்ன இருக்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த சில நாட்களில், எங்கள் மஹல்லா ஜமாஅத்தின் சார்பில் நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். அரிசி, பருப்பு, எண்ணெய், போர்வை என அனைத்தும் வண்டியில் இருந்தன. பெயர்ப் பட்டியல் என் கையில் இருந்தது. பழவேற்காடு என் தாயார் பிறந்த ஊர் என்பதால், பட்டியல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

ஊருக்குள் கொடுத்து முடித்தபின் பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குச் சென்றோம். ஒருபுறம் ஏரி, மறுபுறம் வங்கக்கடல், இடையில் மணல். அந்த மணலில்தான் மீனவர் குடியிருப்பு. 1859இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கமே அவ்வூருக்குப் பெயரானது. என் சிறு வயதில் படகில்தான் அக்கரைக்குப் போக வேண்டும்.

வரிசையில் நின்ற ஒரு மீன்காரப் பெண்மணி, மூட்டையை வாங்கித் தம் காலருகே வைத்துவிட்டு நகராமல் நின்றார். ஐம்பது வயதிருக்கும். "அரிசி நல்லாத்தான் இருக்கு பாய். பத்து நாளுல தீந்துரும். ஒரு ஐஸ் பொட்டி வாங்கித் தர முடியுமா?" என்றார். நான் பட்டியலைப் பார்த்தேன். அதில் ஐஸ் பெட்டிக்கு இடமில்லை. "அடுத்த முறை பார்ப்போம்மா" என்று சொல்லி அடுத்த பெயரை அழைத்தேன். அப்படிச் சொன்னது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

விநியோகம் முடிந்ததும் அவரே என்னைத் தேடி வந்து தம் கணக்கைச் சொன்னார். விடியற்காலையில் கரையில் மீன் ஏலம் எடுக்கக் கையில் முதல் வேண்டும். தண்டல்காரரிடம் ஆயிரம் ரூபாய் கேட்டால் தொள்ளாயிரம்தான் கைக்கு வரும். மாலையில் ஆயிரமாகத் திருப்ப வேண்டும். பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோன மீன் வெயிலேறுவதற்குள் விற்றாக வேண்டும். பனிக்கட்டி வைக்க வழியில்லாததால், நண்பகல் நெருங்கும்போது கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். நாள் முழுதும் உழைத்து, வட்டிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் போக மிஞ்சுவது அன்றைய சோறு. மறுநாள் மீண்டும் அதே தொள்ளாயிரம்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கணக்கு என்னை விடவில்லை. அவருக்கு உழைப்போ தொழிலறிவோ குறையவில்லை. ஒரு சிறு முதலும் ஒரு பெட்டியும்தான் குறை. நாங்கள் அவருக்குக் கொடுத்ததோ அவரிடம் ஏற்கெனவே இருந்த ஒன்று: அன்றைய சோறு.

அப்போதுதான் அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நூல்களில் இடம்பெறும் ஓர் அறிவிப்பு நினைவுக்கு வந்தது. அன்சாரித் தோழர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். அவரிடம் நபிகளார் முதலில் கேட்டது, வீட்டில் ஏதேனும் இருக்கிறதா என்பதுதான். பாதியை உடுத்திப் பாதியை விரிக்கும் ஒரு துணியும், நீர் அருந்தும் ஒரு பாத்திரமும் இருப்பதாக அவர் சொன்னார். அவ்விரண்டையும் கொண்டுவரச் செய்து, நபிகளாரே ஏலமிட்டார்கள். ஒரு திர்ஹம் என்று தொடங்கிய விலை இரண்டு திர்ஹமில் முடிந்தது. ஒன்றுக்கு வீட்டாருக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் கையாலேயே பிடி பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படவேண்டாம் என்றும் அனுப்பிவைத்தார்கள். அவர் திரும்பியபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார்.

இச்சம்பவத்தை எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறேன். உழைப்பின் சிறப்பை உணர்த்தவே அதைச் சொல்வார்கள். கொடுப்பவருக்கும் அதில் பாடம் இருப்பதை அன்றுதான் உணர்ந்தேன். உணவுக்குரிய திர்ஹத்தை நபிகளார் மறுக்கவில்லை. பசித்தவருக்குச் சோறு முதலில்தான். ஆனால் அதோடு நிறுத்தவும் இல்லை. இல்லாததைக் கேட்பதற்கு முன் இருப்பதைக் கேட்டார்கள். கோடரிக்குப் பிடி பொருத்தும் வேலையைத் தாமே ஏற்றார்கள். பிறகு கால அவகாசமும் கொடுத்தார்கள்.

என் நன்னியை நினைத்துக்கொண்டேன். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பலருக்கும் தெரிந்த பனையோலைத் தொழில்தான் அவருக்கும். குருத்தோலையை உலர்த்தி, சீராகக் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் தோய்த்து, மூடிவைத்த பெட்டிகளும் கூடைகளும் முடைவார். வாசற்படி தாண்டாமலே ஒரு குடும்பத்தைத் தாங்கிய கைகள் அவை. ஆனால் ஓலை வாங்க முன்பணம் தந்தவரே பெட்டிக்கு விலையும் வைத்தார். அந்தப் பெட்டி சென்னையில் என்ன விலைக்குப் போகிறது என்பது நன்னிக்குக் கடைசிவரை தெரியாது. மலாய் மக்கள் இன்றும் கட்டும் கட்டம் போட்ட கைலிக்குப் 'பெலிகாட்' என்று பெயர். பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய துணியால் வந்த பெயர் அது. ஊரின் பெயர் கடல் கடந்து வாழ்கிறது. நெய்தவர்களும் முடைந்தவர்களும் கடனில் வாழ்ந்தார்கள்.

இந்த நிலையை மாற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. கூட்டுறவுச் சங்கங்களும், மகளிர் சுயஉதவிக் குழுக்களும், தொண்டு நிறுவனங்களும் இப்பகுதியில் உழைத்திருக்கின்றன. மீனவ மகளிருக்கான அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில், ஒரு பெண் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் செலுத்தினால், அரசின் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாயாக மீன்வளம் குறைந்த மாதங்களில் திரும்பக் கிடைக்கிறது. அதில் அவருடைய சொந்தப் பணமும் இருப்பதால் தலைகுனிந்து வாங்க வேண்டியதில்லை. ஏரியில் மீன்பிடிக்கும் ஊர்களில் 'பாடு' என்றொரு பழைய முறையும் உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடங்களை ஒருவரே வைத்துக்கொள்ளாமல் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். எல்லோரும் அதற்குள் அடங்குவதில்லை என்பதும் உண்மையே. ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, நீரில் அமர்ந்து கையால் இறால் தடவும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் என் எண்ணத்தைச் சொன்னேன். சிலருக்கு வழங்கும் அரிசியைக் குறைத்து, வட்டியில்லாக் கடனாக, கர்ழன் ஹஸனாவாகத் தொழில் முதல் கொடுப்போம் என்றேன். எதிர்ப்பு வந்தது. "பணம் திரும்பாவிட்டால்?" என்றார் ஒருவர். "ஸகாத் நிதியை மாற்று மதத்தவருக்குக் கொடுக்கலாமா?" என்றார் மற்றொருவர். நியாயமான கேள்விகள்தாம். இமாமிடம் கேட்டோம். ஸகாத்தைத் தனியே வைத்து, பொதுவான ஸதகா நிதியிலிருந்து கொடுங்கள், அதில் எவருக்கும் உதவலாம் என்று வழிகாட்டினார். முதலில் ஆறு பெண்களைத் தேர்ந்தோம். மூவர் பழவேற்காட்டில் ஓலை முடைபவர்கள். மூவர் லைட்ஹவுஸ் குப்பத்து மீன்காரப் பெண்கள்.

ஐஸ் பெட்டியை நானே சென்னையில் தேடி வாங்கினேன். பெரியதாக, உறுதியானதாக. பெருமையோடு கொண்டுபோய் இறக்கினேன். அந்தப் பெண்மணி அதைச் சுற்றிவந்து பார்த்துச் சிரித்தார். "பாய், இத ஷேர் ஆட்டோல எப்படி ஏத்துறது?"

மீண்டும் கேட்காமல் கொடுத்திருந்தேன்! நபிகளாரின் வரலாற்றைக் கமிட்டியில் உருக்கமாக எடுத்துச் சொன்ன நானே அதன் முதல் வரியை மறந்திருந்தேன். அவர் அந்தப் பெட்டியைக் கரையிலிருந்த ஒரு வியாபாரிக்கு விற்று, இரண்டு சிறிய பெட்டிகள் வாங்கிக்கொண்டார். மீதிப் பணத்தை ஏலத்துக்கு முதலாக வைத்துக்கொண்டார். என்னைவிட நன்றாகவே கணக்குப் போட்டிருந்தார்.

ஓராண்டில் நால்வர் முழுவதும் திருப்பிச் செலுத்தினர். ஒருவர் தவணையை நீட்டிக்கக் கேட்டார், கொடுத்தோம். ஓலை முடையும் ஒரு சகோதரியின் கணவர் நோயில் விழுந்ததால், முதல் முழுவதும் மருந்துக்குப் போயிற்று. நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் தருமாறும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்றும் திருக்குர்ஆன் போதிக்கிறது. அதைக் கமிட்டியில் நினைவூட்டியவர், பணம் திரும்பாவிட்டால் என்று முதலில் கேட்ட அதே பெரியவர். கடனைத் தள்ளுபடி செய்தோம். அவர் வீட்டுக்கு அரிசி மீண்டும் போகிறது. அரிசி தேவைப்படும் வீடுகள் என்றும் இருக்கும். அவற்றை மறந்துவிட்டுத் தற்சார்பு பேசுவது அநீதி.

அமெரிக்காவில் 1964இல் வறுமை ஒழிப்புக்கென இயற்றிய சட்டத்தின்படி, ஊர்தோறும் சமூகச் செயல் அமைப்புகள் தோன்றின. அவற்றின் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினராவது ஏழை மக்களின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்பது விதி. இதைப் படித்தபோது எங்கள் கமிட்டியை எண்ணிப் பார்த்தேன். உதவி பெறுபவர் ஒருவர்கூட எங்களோடு அமர்ந்து பேசியதில்லை. இப்போது கடன் நிதி குறித்துப் பேசும் நாட்களில் ஓலை முடையும் ஒரு சகோதரியும் அந்த மீன்காரப் பெண்மணியும் வந்து அமர்கிறார்கள். யாருக்கு எவ்வளவு, எத்தனை தவணை என்பதில் அவர்கள் சொல்வதே பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

ரமளானுக்கு முன் உதவி விண்ணப்பத்தைப் புதிதாக அச்சிட்டோம். பழைய படிவத்தில் பெயர், முகவரி, குடும்ப அட்டை எண், தேவை என்ற வரிசை இருந்தது. புதியதில் தேவைக்கு முன்பாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: வீட்டில் என்ன இருக்கிறது, என்ன தொழில் தெரியும்?

விண்ணப்பித்தவர்களில் எவரும் அந்த வரியை வெறுமையாக விடவில்லை.