தரங்கம்பாடி

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே, வங்கக் கடலின் கரையில் அமைந்துள்ளது தரங்கம்பாடி. இஃது இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. தரங்கம் என்பது அலை. அலைகள் பாடும் இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர் பலர். செவிக்கு இனிய விளக்கமே. எனினும், ‘பாடி’ என்பதற்கு ஊர் என்னும் பொருளும் உண்டு. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கல்வெட்டோ இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கின்றது.

நிலம் தாழ்ந்த சமவெளி. வைகாசி வெயில் கடுமையானது. பிற்பகலில் கடற்காற்று எழுந்து அதனைத் தணிக்கும். ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வாடையொடு வரும். புயலும் அப்பொழுதே வரும். வடக்கினின்று வருவது வாடை, கிழக்கினின்று வருவது கொண்டல், தெற்கினின்று வருவது தென்றல், மேற்கினின்று வருவது கோடை என நம் முன்னோர் காற்றைத் திசையால் வகுத்தனர். ஏட்டில் இவற்றைக் கற்போர் பலர். வலைஞர்க்கோ காற்றின் திசையறிதல் பிழைப்புக்கு உரிய கல்வியாகும்.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்பாடு பெற்று, டென்மார்க்கு நாட்டார் இங்குக் கோட்டை கட்டினர். 1706இல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்றார்; 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சேறியது. 1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றனர். 1861இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை அமைந்தபின் வாணிகம் அங்கே சென்றது. 1926இல் இவ்வூருக்கும் புகைவண்டி வந்தது, 1986இல் நின்றது.

ஆள்வோர் மாறினும் கடல் தன் செயலை நிறுத்தவில்லை. அலைகள் கரைமணலை ஓரிடத்தினின்று வாரி மற்றோரிடத்தில் சேர்க்கும். வந்து சேரும் மணலினும் செல்லும் மணல் மிகுமாயின் கரை தேயும். கோட்டைக்கு அருகே, குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் இவ்வாறே சிறிது சிறிதாகக் கடலுக்கு இரையாயிற்று. முன்பகுதி முழுதும் அலைவாய்ப்பட்டது. எஞ்சியதைக் காக்கப் பெருங்கற்களைக் கரையில் குவித்துள்ளனர்.

மண்டபத்தைக் கொள்ளப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்ட கடல், 2004 டிசம்பர் 26 அன்று காலையில், மீனவர் குடியிருப்பைச் சில நிமிடங்களிற் கொண்டது. பிள்ளைகளும் முதியோரும் பலர் மாண்டனர். அன்று ஓடத் திசையறியாது நின்ற மக்களுக்கு, ‘கடல்கோள்’ என்னும் சொல் நூல்களிற் கிடந்தும் பயன்படவில்லை. பின்னர்க் கடலினின்று சற்று விலகிப் புதுமனைகள் எழுந்தன.

மனை விலகியதேயன்றித் தொழில் விலகவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள், மீனினம் பெருகும் பொருட்டு, விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாள்களில் கரையில் அமர்ந்து வலை செப்பனிடுவோர்க்கு எதிரே, மண்டபம் இருந்த இடத்தில் அலை வந்து மீள்கிறது.